வங்கி வேலை கூடுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (கணிதம்)

பட்டப்படிப்பை முடிக்கும் நிலையில் இருக்கும் மாணவனை ஊரார் கேட்கும் முதற்கேள்வி, "அடுத்து என்ன?" என்பதாகும். அரசுக் கல்லூரியில் பயிலும் எம்மைப் போன்றோருக்கு அதற்கு விடையாக மூன்று வாயில்கள் கண்முன் நிற்கின்றன. ஒன்று தேர்வாணையம், மற்றொன்று இரயில்வே, மூன்றாவது வங்கி. இவற்றுள் வங்கி எழுத்தர் தேர்வுக்கு எந்தப் பட்டமானாலும் போதும். இருபது வயது நிரம்பியிருந்தால் எழுதலாம். சிபாரிசு வேண்டியதில்லை. கணக்கில் விரைவும் ஆங்கிலத்தில் ஓரளவு பயிற்சியும் உடையவனுக்கு அது எட்டாக்கனி அன்று. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவனுக்கு அது வெறும் வேலை மட்டுமன்று. ஒரு தலைமுறையின் விடுதலை எனலாம்.

ஆனால், முஸ்லிம் மாணவன் ஒருவன் அந்தத் தேர்வு நூலைக் கையில் எடுக்கும்போது அவனோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்தே எழுகிறது. "வட்டி புழங்கும் இடத்தில் வேலை பார்ப்பது கூடுமா? அந்தச் சம்பளம் ஹலால் ஆகுமா?" வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள். பள்ளிவாசல் ஹவுளின் அருகே நண்பர்கள் கேட்கிறார்கள். சிலர் விண்ணப்பத்தைக் கிழித்துப் போடுகிறார்கள். சிலர் தேர்வெழுதி வேலையில் சேர்ந்துவிட்டு, ஊருக்கு வந்தால் எந்த அலுவலகம் என்று சொல்லத் தயங்குகிறார்கள். இரண்டும் நல்ல நிலை அல்ல. மூடி மூடிப் பேசப்படும் இந்தக் கேள்வியை வெளிச்சத்தில் வைத்துப் பேசவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் ஆலிம் அல்லன். மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தகுதி எனக்கில்லை. படித்தும் கேட்டும் அறிந்ததை வைத்து ஒரு மாணவனாக என் கருத்தைச் சொல்கிறேன். பிற சமய நண்பர்களும் பேராசிரியப் பெருமக்களும் இதை ஒரு சமூகத்தின் வீட்டுப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட வேண்டா. வட்டிக் கணக்கை ஒரு கலையாகவே வளர்த்த மண்ணில் நாம் படித்துக்கொண்டிருக்கிறோம். கடன் என்பது நம் எல்லோர் வீட்டிலும் குடியிருக்கிறது.

மார்க்கம் சொல்வது என்ன?

'ரிபா' என்ற அரபுச் சொல்லுக்கு மிகுதல், பெருகுதல் என்று பொருள். கொடுத்த கடனுக்கு மேல், காலத்துக்கு விலையாக, முன்கூட்டியே பேசி வாங்கும் மிகையே ரிபா. திருக்குர்ஆன் இரண்டாம் அத்தியாயத்தில் 275 முதல் 281 வரை உள்ள வசனங்கள் இதைப் பற்றிப் பேசுகின்றன. வணிகம் ஆகுமானது, வட்டி விலக்கப்பட்டது என்று அங்கே பிரித்துக் காட்டப்படுகிறது. வட்டியை விட்டுவிட்டவனுக்கு அவனுடைய முதல் திரும்ப உண்டு. அவனும் அநீதி செய்யலாகாது, அவனுக்கும் அநீதி இழைக்கப்படலாகாது என்பது அவ்வசனங்களின் கருத்து. கடன்பட்டவன் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தரவேண்டும்; விட்டுக்கொடுத்துவிட்டால் அது இன்னும் மேலானது என்றும் அறிவுறுத்தப்படுகிறது.

கி.பி. 632-இல் இறுதி ஹஜ்ஜின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆற்றிய பேருரையில், அறியாமைக் காலத்து வட்டிகள் யாவும் ஒழிக்கப்பட்டன என்று அறிவித்தார்கள். முதன்முதலில் அவர்கள் தள்ளுபடி செய்தது எவருக்கு வரவேண்டிய வட்டியை? தம் சொந்தச் சிறிய தந்தையார் அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டியதை! சீர்திருத்தம் சொந்த வீட்டிலிருந்து தொடங்கியது என்பதை இங்கே குறித்துக்கொள்வோம். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

வட்டியைக் கண்டித்தது இஸ்லாம் மட்டுமன்று. 1179-இல் கூடிய கிறித்தவத் திருச்சபையின் மூன்றாம் இலாத்தரன் சங்கம், வெளிப்படையாக வட்டித் தொழில் செய்வோருக்குத் திருச்சபையில் இடமில்லை என்று விதித்தது. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நாட்டில் ஒரே அச்சம் எழுந்திருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கவேண்டும் அன்றோ?

செட்டிநாடு கற்பிக்கும் பாடம்

அந்தக் காரணத்தை அறிய நாம் அரேபியாவுக்குப் போகவேண்டியதில்லை. நம் ஊர்த் தெருக்களில் நிற்கும் பெரிய வீடுகளின் தேக்குத் தூண்களே சொல்லும். அத்தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை.

நகரத்தார் பெருமக்கள் பர்மா, இலங்கை, மலாயா நாடுகளில் நடத்திய கொடுக்கல் வாங்கல் உலக வரலாற்றில் இடம்பெற்ற ஒன்று. 1930-ஐ ஒட்டிப் பர்மாவில் அவர்கள் ஈடுபடுத்தியிருந்த முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று அங்கு அமைக்கப்பட்ட வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. இரங்கூனில் மாதந்தோறும் கோயிலில் கூடி 'நடப்பு வட்டி'யை முடிவு செய்வார்கள். இலாபத்தில் ஒரு பகுதியை 'மகமை' என்று அறத்துக்கு ஒதுக்குவார்கள். பிற லேவாதேவிக்காரர்களைவிட அவர்களுடைய வட்டி குறைவு என்பதையும், அவர்கள் கொடுத்த பணம் இல்லாமல் ஐராவதி ஆற்றுப்படுகை நெற்களஞ்சியமாக மாறியிருக்காது என்பதையும் மறுப்பதற்கில்லை. இந்த மண்ணின் செல்வம் கல்விக்கூடங்களாக மலர்ந்ததையும், 1947-இல் வள்ளல் அழகப்பர் ஏற்றிவைத்த கல்வி விளக்கின் ஒளியில்தான் காரைக்குடி இன்றும் படிக்கிறது என்பதையும் நன்றியோடு நினைக்கிறேன்.

ஆயினும் நடந்தது என்ன? 1930-இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை பாதிக்குப் பாதியாகச் சரிந்தது. ஆனால் உழவன் பட்ட கடனும் அதன் வட்டியும் சரியவில்லை. பத்து மூட்டை விற்று அடைக்கவேண்டிய கடனை இருபது மூட்டை விற்றாலும் அடைக்க முடியவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் கைமாறின. கீழ்ப் பர்மாவில் நெல் விளையும் பதின்மூன்று முதன்மை மாவட்டங்களில், செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு. 1937-இல் 25 பங்கு. நிலத்தை அவர்கள் விரும்பி வாங்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது புழங்கும் பணம். கிடைத்ததோ புழங்காத நிலம். உழவன் நிலமிழந்து பகை கொண்டான். 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு வந்தது. காடுமலை கடந்து மக்கள் நடந்தே ஊர் திரும்பினர். 1948-இல் சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டம் கொண்டுவந்தது. கொடுத்தவரும் இழந்தார்; வாங்கியவரும் இழந்தார்.

இதில் எந்தத் தனிமனிதரையும் குற்றம் சொல்லத் தேவையில்லை. தீங்கு ஏற்பாட்டிலேயே இருந்தது. விளைச்சல் பொய்த்தாலும், விலை வீழ்ந்தாலும், நட்டம் முழுவதும் ஒருவன் தலையில் மட்டுமே விழும்படியான ஒப்பந்தம் அது. வணிகத்தில் இருவரும் இடரைப் பகிர்கின்றனர். வட்டியில் ஒருவன் மட்டுமே சுமக்கிறான். மார்க்கம் வணிகத்தை அனுமதித்து வட்டியை விலக்கியதன் உட்பொருள் இதுவே என்று நான் புரிந்துகொள்கிறேன்.

கணக்கெழுதுபவர் பங்காளியா?

இனி வேலைக்கு வருவோம். முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ஒன்று உள்ளது. வட்டி வாங்குபவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், அதற்குச் சாட்சி நிற்கும் இருவர் ஆகியோரை நபிகள் நாயகம் சபித்தார்கள் என்றும், அவர்கள் அனைவரும் சமம் என்று கூறினார்கள் என்றும் அது தெரிவிக்கிறது. வங்கி வேலை பற்றிய வாதங்கள் எல்லாம் 'எழுதுபவர்' என்ற இந்த ஒரு சொல்லிலிருந்தே பிறக்கின்றன.

செட்டிநாட்டாருக்கு இந்தச் சொல் எளிதில் விளங்கும். பர்மாக் கடைகளில் மேலாள் இருந்தார், அடுத்தாள் இருந்தார், பெட்டியடிப் பையன் இருந்தான். மூன்றாண்டுக் கணக்குக்குச் சம்பளம் பேசிக் கப்பல் ஏறியவர்கள் இவர்கள். முதல் அவர்களுடையதன்று. வட்டி விகிதத்தை அவர்கள் வைக்கவில்லை. ஆனால் பேரேட்டை எழுதியது அவர்கள் கை. அந்தக் கைக்கு எவ்வளவு பொறுப்பு? இதுதான் கேள்வி.

இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய இன்னொரு செய்தி உண்டு. திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எது தெரியுமா? தொழுகை பற்றியதன்று, நோன்பு பற்றியதன்று. கடனை எழுதிவைப்பது பற்றியது. இரண்டாம் அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். தவணையிட்டுக் கடன் கொடுத்தால் அதை எழுதிக்கொள்ள வேண்டும். எழுதுபவர் நீதியோடு எழுதவேண்டும். எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கலாகாது என்பது அதன் கருத்து. ஆகவே கணக்கெழுதுவது இழிதொழில் அன்று. அது ஒரு கடமையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. எழுதும் பொருளைப் பொறுத்தே எழுதுபவரின் நிலை மாறுகிறது.

அறிஞர்களின் கருத்துகள்

இந்தக் காலத்து மார்க்க அறிஞர்களின் தீர்ப்புகள் மூன்று வகையாகப் பிரிகின்றன.

முதல் வகையினர் முற்றிலும் கூடாது என்பவர்கள். சவூதி அரேபியாவின் தலைமை முஃப்தியாக இருந்து 1999-இல் காலமான பின் பாஸ் அவர்கள், வட்டி வங்கியில் எந்தப் பணியும் ஆகாது என்றார். தீமைக்குத் துணைபோகக் கூடாது என்ற குர்ஆன் கட்டளையே அவருக்கு ஆதாரம்.

இரண்டாம் வகையினர் வேலையைப் பிரித்துப் பார்ப்பவர்கள். பாகிஸ்தானின் முஃப்தி தகீ உஸ்மானி அவர்கள் இவ்வகையினர். கடன் கொடுத்தல், வட்டியைக் கணக்கிட்டு எழுதுதல், அதற்குச் சாட்சியாதல் போன்ற நேரடியான பணிகள் கூடா. வட்டி ஒப்பந்தத்தில் நேரடித் தொடர்பில்லாத பணிகளுக்கு அந்தத் தடை அப்படியே பொருந்தாது என்பது இவர்கள் நிலை.

மூன்றாம் வகையினர் காலத்தையும் நிர்ப்பந்தத்தையும் கருதுபவர்கள். எகிப்தில் பிறந்து கத்தாரில் வாழ்ந்து 2022-இல் மறைந்த யூசுப் அல்கர்ளாவி அவர்கள், வட்டி கூடாது என்பதில் உறுதியாக நின்றார். ஆயினும், வட்டி ஓர் ஊழியன் விலகிவிட்டால் ஒழியும் ஒன்றாக இல்லாமல் பொருளாதாரம் முழுவதிலும் ஊறிக்கிடக்கிறது என்றார். வங்கியின் பல பணிகள் தம்மளவில் குற்றமற்றவை. பிழைப்புக்கு வேறு வழியற்றவன் மனத்தால் வட்டியை வெறுத்தவனாக அந்த வேலையை ஏற்கலாம். முஸ்லிம்கள் எல்லோரும் வங்கித் துறையை விட்டு ஒதுங்கினால், அதை மாற்றியமைக்கும் அறிவும் சமுதாயத்துக்கு இல்லாமற் போகும் என்பதும் அவர் கருத்து.

வங்கி வட்டியே ரிபா ஆகுமா என்பதிலும் பேச்சு உண்டு. 1965-இல் கெய்ரோவில் கூடிய அல்அஸ்ஹர் ஆய்வுக் குழுவின் மாநாடும், 1985-இல் ஜித்தாவில் கூடிய உலக ஃபிக்ஹ் பேரவையும், ஆகும் என்றே முடிவு செய்தன. 1989-இல் எகிப்தின் முஃப்தியாக இருந்த தன்தாவி அவர்கள் முதலீட்டுப் பத்திரங்களின் நிலையான வருவாயை அனுமதித்தார். பெரும்பாலான அறிஞர்கள் அதை ஏற்கவில்லை.

நம் நாட்டைப் பற்றிய பழைய வாதம் ஒன்றும் உண்டு. ஹனஃபி மத்ஹபின் சில இமாம்கள், முஸ்லிம் ஆட்சி இல்லாத நாட்டில் முஸ்லிமல்லாதவரிடம் மிகை பெறுவதை வேறுவிதமாகப் பார்த்தார்கள். ஷாஃபி மத்ஹப் அதை ஏற்பதில்லை. தமிழகத்தில் இரு மத்ஹபினரும் வாழ்கின்றனர். அந்தக் கருத்து போரும் பகையும் நிலவிய காலத்துச் சூழலில் எழுந்தது. ஒரே அரசமைப்பின் கீழ், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் நமக்கு அது ஆறுதலாகாது என்பது என் எண்ணம். என் அண்டை வீட்டாருக்கு அநீதியானது எனக்கும் அநீதியே.

வேலை என்று எதைச் சொல்கிறோம்?

வங்கி என்றதும் வட்டி மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் எழுத்தர் செய்யும் வேலை என்ன? முதியோர் உதவித்தொகை வழங்குகிறார். ஊரக வேலைக் கூலியைக் கணக்கில் சேர்க்கிறார். மாணவரின் கல்வி உதவித்தொகைக்குக் கணக்கு தொடங்குகிறார். மலேசியாவிலிருந்து மகன் அனுப்பிய பணத்தைத் தாய்க்குத் தருகிறார். அதே மேசையில் நகைக்கடனுக்கு வட்டியும் வரவு வைக்கிறார். நன்மையும் விலக்கப்பட்டதும் பின்னிக் கிடக்கும் மேசை அது.

இதன் வரலாறும் நம் ஊரோடு சேர்ந்ததே. 1937 பிப்ரவரி 10-ஆம் நாள் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நேரத்தில் கிளைகள் திறக்கப்பட்டன. 1969 ஜூலை 19-இல் நாட்டுடைமையாக்கப்பட்ட 14 வங்கிகளுள் அதுவும் ஒன்று. அன்றுமுதல் சிற்றூர்களுக்கும் சென்ற வங்கி, ஏழையைத் தனியார் வட்டிக்காரனிடமிருந்து ஓரளவேனும் காப்பாற்றியது உண்மை.

கணித மாணவன் என்ற முறையில் ஒரு கணக்கைச் சொல்கிறேன். தண்டல்காரர் ஒருவர் பத்தாயிரம் என்று பேசி, 1,500-ஐ முன்னதாகவே பிடித்துக்கொண்டு 8,500 கொடுக்கிறார் எனக் கொள்வோம். நாளுக்கு நூறு வீதம் நூறு நாளில் பத்தாயிரம் கட்டவேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் நூறு நாளுக்கு நூற்றுக்குப் பதினேழரை. ஆனால் நாள்தோறும் திருப்பிக் கட்டுவதால் சராசரியாக நம் கையில் நிற்பது பாதித் தொகையே. ஆகவே உண்மை வட்டி நூறு நாளில் சுமார் 35 விழுக்காடு. ஓர் ஆண்டுக்குச் சுமார் 129 விழுக்காடு! கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் யாவற்றையும் தடுக்க 2003-இல் தமிழக அரசு சட்டம் இயற்றியது. அதன் பின்னும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே கந்து வட்டிக் கொடுமையால் தீக்குளித்ததை நாடு கண்டது. கடன் வசூலில் கட்டாயப்படுத்துவதைத் தடுக்க 2025-இல் சட்டமன்றம் மீண்டும் ஒரு மசோதாவை நிறைவேற்ற வேண்டியிருந்தது.

இங்கேதான் என் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது. பட்டம் பெற்ற இளைஞர்கள் பலர் இன்று தனியார் நிதி நிறுவனங்களில் வசூல் வேலைக்குப் போகின்றனர். வாரந்தோறும் மோட்டார் சைக்கிளில் சென்று, குழுக்கடன் வாங்கிய பெண்களின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, தவணை வரும்வரை எழுந்திருக்க மறுக்கும் வேலை அது. அதை ஏற்கும் பையனிடம் "கூடுமா?" என்று யாரும் கேட்பதில்லை. தேர்வெழுதி வெற்றி பெற்று அரசு வங்கியில் அமர்பவனிடம் மட்டும் கேட்கிறோம். கடன்பட்டவரின் கண்ணீருக்கு மிக அருகில் இருக்கும் வேலை எதுவோ, அதைப் பற்றியல்லவா முதலில் கேட்கவேண்டும்?

நிர்ப்பந்தம் யாருக்கு?

மேலே சொன்ன நபிமொழியை மீண்டும் நோக்குக. அதில் எழுதுபவர் மட்டுமா குறிப்பிடப்படுகிறார்? வட்டி கொடுப்பவரும் குறிப்பிடப்படுகிறார். அனைவரும் சமம் என்றும் சொல்லப்படுகிறது.

என் வீட்டையே சொல்கிறேன். என் தந்தையார் கூலி வேலை செய்பவர். அவருக்குக் கால் முறிந்த ஆண்டில் மூன்று மாதம் வருமானமில்லை. அன்னையாரின் தோடு அடகுக்குப் போயிற்று. வட்டி கட்டித்தான் அதை மீட்டோம். யாரும் எங்களைப் பழிக்கவில்லை. "நிர்ப்பந்தம், என்ன செய்வது?" என்றே அனைவரும் சொன்னார்கள். நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதும் தேவையின் அளவுக்கு மன்னிக்கப்படும் என்பது மார்க்கச் சட்டத்தின் விதியே ஆதலால், அவர்கள் சொன்னது சரிதான். வேறு வழி இருந்திருந்தால் எங்கள் வீட்டில் எவரும் அந்தக் கடைப்படி ஏறியிருக்கமாட்டார்கள்.

அப்படியானால், வட்டி கொடுக்கும் தந்தைக்கு நாம் வழங்கும் அதே இரக்கத்தை, அந்த வட்டியிலிருந்து வீட்டை மீட்பதற்காக வேலைக்குப் போகும் மகனுக்கு ஏன் வழங்குவதில்லை? இருவரும் ஒரே நபிமொழியில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒருவரின் நிர்ப்பந்தத்தைக் கணக்கில் எடுப்பவர்கள், மற்றவரின் நிர்ப்பந்தத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும்.

அதே வேளையில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். நிர்ப்பந்தம் என்பது மழைக்கு ஒதுங்கும் திண்ணை. அதையே குடியிருக்கும் வீடாக்கிக்கொள்ளக் கூடாது. கடன் தீர்ந்து, வீடு கட்டி, கார் வாங்கிய பின்னும் "நிர்ப்பந்தம்" என்று ஒருவர் சொல்வாரானால் அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை.

வட்டியில்லா வழி உண்டா?

உண்டு. எகிப்தில் மித் கம்ர் என்னும் ஊரில் 1963-இல் அஹ்மத் அல்நஜ்ஜார் என்பவர் உழவர்களுக்காக வட்டியில்லாச் சேமிப்பு வங்கி தொடங்கினார். மலேசியாவில் ஹஜ் பயணச் சேமிப்புக்கான நிறுவனம் அதே 1963-இலும், முழு இஸ்லாமிய வங்கி 1983-இலும் தோன்றின. இலங்கையில் 2011-இல் அமானா வங்கி செயல்படத் தொடங்கியது. வீடோ வண்டியோ வேண்டுமென்றால், வங்கியே அதை வாங்கி, வெளிப்படையான இலாபம் வைத்துத் தவணையில் விற்கும். தொழிலுக்கு முதல் வேண்டுமென்றால் இலாப நட்டத்தில் பங்கேற்கும். குறைகள் உண்டெனினும் வழி இருக்கிறது.

நம் நாட்டில் 2008-இல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு வட்டியில்லா வங்கி முறையைப் பரிந்துரைத்தது. கேரளத்தில் 2013-இல் அரசின் பங்கோடு சேரமான் நிதி நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆனால் வங்கிகளில் இம்முறையைக் கொண்டுவரும் எண்ணத்தை மேற்கொண்டு தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி முடிவு செய்திருப்பது 2017-இல் வெளியாயிற்று. ஹலால் என்ற பெயரே காப்பு ஆகிவிடாது என்பதையும் நாம் கண்டோம். பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் ஹலால் முதலீடு என்று சொல்லிப் பணம் திரட்டி 2019-இல் வீழ்ந்தபோது, பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்களின் சேமிப்பு அழிந்தது. வட்டி என்ற பெயர் இல்லாவிட்டாலும் அநீதி அநீதியே.

ஆகவே பெரிய வங்கியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டா. நம் தெருப் பெண்கள் நடத்தும் குலுக்கல் சீட்டிலேயே வழி இருக்கிறது. ஏலத் தள்ளுபடி இல்லாமல், கட்டிய தொகையை முறைவைத்து முழுதாக எடுக்கும் சீட்டில் வட்டி எங்கே? அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் பைத்துல்மால் வைத்து வட்டியில்லா நகைக்கடன் தருகிறார்கள். ஓர் ஊரில் 200 வீடுகள் மாதம் 100 ரூபாய் தந்தால் ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். ஆளுக்குப் பத்தாயிரமாகக் கொடுத்தால் முதலாண்டிலேயே 24 குடும்பங்கள் அடகுக் கடைக்குப் போகாமல் தப்பும். திரும்பி வரும் பணம் மறுபடி சுழலும். இதற்கு வேண்டியது பெருஞ்செல்வம் அன்று. நேர்மையாக எழுதப்பட்ட ஒரு கணக்குப் புத்தகம். அதை எழுதப் பட்டதாரிகள் நாங்கள் இருக்கிறோம்.

என் கருத்து

முதலாவதாக, "வங்கி வேலை கூடுமா?" என்று ஒரே சொல்லில் கேட்பதை விடுவோம். என்ன வேலை, எந்தப் பிரிவு, வீட்டு நிலை என்ன, வேறு வழி உண்டா என்பதையெல்லாம் ஆலிமிடம் விளக்கமாகச் சொல்லிக் கேட்போம். முழுமையான கேள்விக்குத்தான் முழுமையான விடை கிடைக்கும்.

இரண்டாவதாக, ஆசிரியப் பணியோ, அரசுப் பணியோ, சொந்தத் தொழிலோ கிடைக்கும் நிலையில் உள்ளவர்கள் அவற்றையே நாடுவது நல்லது. இயலாத நிலையில் வங்கி மேசையை ஏற்பவரை இழித்துப் பேசாதிருப்போம். பேணுதலுக்காக அந்த வேலையை மறுப்பவரைப் பைத்தியக்காரன் என்றும் நகையாதிருப்போம். அவர் கொடுக்கும் விலை பெரிது.

மூன்றாவதாக, மிம்பரிலிருந்து இந்த வேலையைத் தடுக்கும் பெரியோர்களுக்குப் பணிவான வேண்டுகோள். ஒரு கதவை மூடும் கையே இன்னொரு கதவைத் திறக்கவும் வேண்டும். நபிகள் நாயகம் தம் சிறிய தந்தையின் வட்டியிலிருந்து தொடங்கினார்கள். நம் ஜமாஅத்துகள் தம் மஹல்லாவின் கடனிலிருந்து தொடங்கட்டும். வட்டியில்லாக் கடன் நிதி இல்லாத மஹல்லாவில், வங்கி எழுத்தனை மட்டும் பழிப்பது நீதியாகாது.

நான் என்ன செய்யப்போகிறேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஆசிரியர் பணியே என் முதல் விருப்பம். அது கைகூடாவிட்டால், வங்கித் தேர்வை எழுதுவேன்; வீட்டுக் கடன் தீரும்வரை அந்த வேலையில் இருப்பேன்; வேறு வழி திறந்த அன்று விலகுவேன். ஆனால், எவ்வளவு சம்பளம் தந்தாலும், கடன்பட்ட தாய்மார்களின் திண்ணையில் அமர்ந்து தவணை கேட்கும் வேலைக்குப் போகமாட்டேன். என் அன்னையார் அடகுக் கடையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

கடனாளியைக் காப்பதற்காகவே வந்த சட்டம் இது. அதைக் கொண்டு ஏழைப் பட்டதாரியின் வாயிலை மட்டும் அடைத்துவிட்டு, கடனாளியை வட்டிக்காரனின் வாயிலில் நிற்க விடுவோமானால், சட்டத்தின் எழுத்தைக் காத்து அதன் நோக்கத்தைக் கைவிட்டவர்களாவோம். இரண்டையும் காக்கும் வழியைப் படித்த இளைஞர்கள் சமயப் பெரியோர்களோடு சேர்ந்து அமர்ந்து காண்போமாக!